மாண்ட்ரியலில் ஒட்டுத்துணிப் பேய்கள்

2019-ஆம் ஆண்டு அக்டோபர் 30. மறுநாள் பலத்த மழையும் காற்றும் வரும் என்று வானிலை எச்சரிக்கை வந்தது. கனடாவின் மாண்ட்ரியல் நகருக்கு அப்போது மேயராக இருந்த வலேரி பிளாண்ட், பேய் வேடப் பண்டிகையான ஹாலோவீனை நவம்பர் 1-ஆம் தேதிக்குத் தள்ளிவைப்போம் என்று ஊருக்கு அறிவித்துவிட்டார். பேய் பிசாசுகளுக்கே தேதி மாற்றிக் கொடுத்த மாநகராட்சி என்று கேலி பறந்தது. ஆனால் அக்டோபர் கடைசியில் அந்த ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர்களுக்கு அது கேலியாகப் படாது. தெருத் தெருவாக வாசலிலும் படிக்கட்டிலும் கட்டியிருக்கும் அலங்காரத்தைப் பார்த்தால், ஒரு நாள் மழைக்கு அதையெல்லாம் பலி கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

நான் போனது 2024 அக்டோபரில். அந்த ஆண்டு தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்று வந்தன. தங்கியது பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்தின் வீட்டில். ஊர்க்காரர்கள் 'பார்க் எக்ஸ்' என்று சுருக்கிக் கூப்பிடும் இந்தப் பகுதியில் ஒரு காலத்தில் கிரேக்கர்கள் அதிகம். இன்றைக்குத் தமிழும் பஞ்சாபியும் வங்காளமும் உருதும் காதில் விழாமல் நாலு கடை தாண்ட முடியாது. ஜான் தலோன் தெருவில் துர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி இடியாப்பத் தட்டும் தேங்காய்த் துருவியும் விற்கிறார்கள்.

மாண்ட்ரியல் வீடுகளுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. இரண்டு மூன்று மாடி வீடுகளில் மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்த்தபடி இருக்கும். வளைந்து வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டு. பனிக்காலத்தில் அதில் ஏறி இறங்குவது சர்க்கஸ் வேலைதான். ஆனால் அக்டோபரில் அந்தக் கைப்பிடிக் கம்பிகள்தான் ஊரின் அலங்கார மேடை. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் எலும்புக்கூடு, காற்றடைத்து நிற்கும் பூதம், பஞ்சைப் பிய்த்து இழுத்த சிலந்தி வலை, படிக்குப் படி முகம் செதுக்கிய பூசணி. முக்கால்வாசி வீடுகளில் இவைதான்.

கண்திருஷ்டிக்குப் பூசணிக்காயில் கோரைப்பல்லும் முட்டைக்கண்ணும் வரைந்து புதுவீட்டின் முன் கட்டித் தொங்கவிடுகிற ஊரிலிருந்து போனவளுக்குப் பூசணியில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நான் நின்று பார்த்தது நான் தங்கிய வீட்டின் படிக்கட்டைத்தான். மேலிருந்து கீழ்வரை துணியில் தைத்த தோரணம். கறுப்பும் சாம்பலும் காவியுமாகச் சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டுப்போட்டுச் செய்த வௌவால்கள், பூனைகள், சிலந்தி வலைகள். ஒவ்வொன்றும் ஒரு சாண் இரண்டு சாண் அளவு. பக்கத்தில் போய்ப் பார்த்தால், வௌவாலின் இறகு ஒன்றில் சட்டைப் பொத்தான் துளையே இருக்கிறது.

"உந்தப் பிளாஸ்டிக் எலும்புக்கூடு பத்து டொலருக்கு வாங்கலாம், தங்கச்சி. அடுத்த வருசம் குப்பைக்குப் போகும். இது என்ர மகள் நாலாம் வகுப்புப் படிக்கேக்க தைச்சது. அவளுக்குக் கலியாணமும் முடிஞ்சுது, இது இன்னும் கிடக்கு" என்றார் அந்த வீட்டு அக்கா.

அக்கா வந்தது 1980-களின் கடைசியில். அந்தக் காலத்தில்தான் ஈழத்தமிழர் பெருமளவில் கனடாவுக்கு வரத் தொடங்கினார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்த செய்தி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அவர்களில் பலர் பிறகு மாண்ட்ரியலிலும் டொரன்டோவிலும் குடியேறினார்கள். மொழி தெரியாத ஊரில் பெண்களுக்கு உடனே கிடைத்த வேலைகளில் ஒன்று தையல். அக்காவும் ஷபனெல் தெருவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். வேலை சட்டைக் காலர் தைப்பது. எத்தனை காலர் தைத்தோமோ அத்தனைக்குக் காசு. வெட்டுமேசைக்குக் கீழே விழுகிற துண்டுகளை வேண்டியவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அந்தப் படிக்கட்டுத் தோரணத்தின் பூர்வீகம் அதுதான்.

ஷபனெல் தெருவை ஒருநாள் போய்ப் பார்த்தேன். நகரின் வடக்கே, எட்டும் பத்துமாக மாடி உயர்ந்த, சாம்பல் நிறக் கான்கிரீட் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் தெரு. கனடாவின் ஆயத்த ஆடைத் தலைநகராக மாண்ட்ரியல் இருந்த காலத்தில் அதன் நெஞ்சுப்பகுதி இது. இத்தாலிய, கிரேக்க, போர்த்துக்கீசிய, ஹெய்ட்டிய, வியட்நாமியப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து உட்கார்ந்த மெஷின்களில் கடைசியாக வந்து உட்கார்ந்தவர்கள் நம் தெற்காசியப் பெண்கள். 2005 ஜனவரி 1 அன்று உலக ஆடை வணிகத்தில் நாட்டுக்கு இவ்வளவுதான் என்றிருந்த ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. சீனாவிலும் வங்கதேசத்திலும் தைத்த சட்டைகள் தடையில்லாமல் வந்து இறங்கின. ஷபனெலின் மெஷின்கள் மாடி மாடியாக நின்றுபோயின. நம் திருப்பூருக்கு வாசல் திறந்த அதே ஆண்டு அந்தத் தெருவுக்குக் கதவடைத்த ஆண்டு.

அதற்கும் முந்தைய கதை செயின்ட் லாரன்ட் பெருவீதியில் இருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வீதி நெடுகிலும் தையல்கூடங்கள் நடத்தினார்கள். முதலாளியும் யூதர், தொழிலாளியும் யூதர். கூடவே பிரெஞ்சுக் கனடியக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 1937 ஏப்ரலில் உடைத் தொழிலாளர் பெண்கள் ஏறத்தாழ 5,000 பேர் மெஷினை விட்டு எழுந்து தெருவுக்கு வந்தார்கள். தேவாலயமும் அரசாங்கமும் எதிர்த்து நின்றன. ஆனாலும் சுமார் மூன்று வாரத்தில் வேலை நேரத்தைக் குறைத்துக் கூலியைக் கூட்டிக்கொண்டுதான் திரும்பினார்கள். அந்தப் பெண்களை அணிதிரட்டியவர்களில் ஒருவர் லேயா ரோபாக். யித்திஷ், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று எந்த மெஷினுக்கு எந்த மொழியோ அதில் பேசக்கூடியவர். அதே வீதியில் 1900-களின் தொடக்கத்தில் கட்டிய பெக் கட்டடம் ஆடைத் தொழிற்சாலையாக இருந்தது. 1997 முதல் அங்கே யூபிசாஃப்ட் நிறுவனம் வீடியோ கேம் தயாரிக்கிறது. ஊசி போன இடத்தில் கணினி வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆலைகள் போய்விட்டன. கை போகவில்லை. அக்காவின் வீட்டு நிலவறைக்குள் இறங்கினால் அது தெரியும்.

வீட்டுக்குக் கீழே, சூடேற்றும் இயந்திரத்துக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில், கறுப்பு வார்ப்பிரும்புச் சிங்கர் மெஷின் ஒன்று. அடித்தட்டின் வலது ஓரத்தில் பொறித்திருக்கும் எண் 'ஜே' என்ற எழுத்தில் தொடங்குகிறது. அந்த எழுத்து இருந்தால் மெஷின் செயின்ட் ஜானில் செய்தது என்று பொருள். மாண்ட்ரியலுக்குத் தென்கிழக்கே ரிஷெலியு ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. சிங்கர் நிறுவனம் 1906-இல் அங்கே பெரிய தொழிற்சாலையைத் திறந்து, 1986 வரை நடத்தியது. கனடா முழுவதற்கும் மெஷின் போனது அங்கிருந்துதான். இலங்கையில் 1877-லேயே சிங்கர் காலூன்றிவிட்டது. யாழ்ப்பாணத்து வீடுகளில் சிங்கர் மெஷின் சீதனத்தில் வரும் பொருள். "அம்மான்ர மெஷினை விட்டிட்டு வந்தனான். இஞ்ச வந்து முதல் வாங்கினது கட்டில் இல்லை, இதுதான்" என்றார் அக்கா. பழைய சாமான் கடையில் வாங்கியதாம். மோட்டார் கெட்டுப் பல வருஷம் ஆகிறது. கைச்சக்கரம் போட்டுச் சுற்றுகிறார்.

இந்த ஆண்டு தோரணத்துக்குப் புதிதாகச் சில வலைகள் சேர்க்க வேண்டும், துணி வாங்க வா என்று கூட்டிப் போனார். பிளாஸா செயின்ட் ஹியூபர்ட் என்பது ஜான் தலோன் மெட்ரோவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், நடைபாதைக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்ட கடைவீதி. மழையும் பனியும் தலையில் விழாமல் கடை கடையாக ஏறி இறங்கலாம். பாதிக்குப் பாதி கல்யாண கவுன் கடைகள். இடையிடையே துணிக்கடைகள். நம் ஊர் கட்பீஸ் கடை மாதிரியே வாசலில் பெட்டியில் மிச்சத் துண்டுகள். உள்ளே ஒட்டுத்துணி தைப்பவர்களுக்கென்றே பருத்தித் துணி தனியாக அடுக்கியிருக்கிறது. ஹாலோவீன் வந்தால் அந்த அடுக்கே கறுப்பும் ஆரஞ்சும் ஊதாவுமாகிவிடும். மண்டையோடு அச்சடித்தது, வௌவால் அச்சடித்தது, இருட்டில் ஒளிரும் பேய் அச்சடித்தது என்று வகைவகையாக. மீட்டர் கணக்கில் வாங்கலாம். இல்லையென்றால் 'ஃபேட் குவார்ட்டர்' என்று ஏறத்தாழ 50 சென்டிமீட்டருக்கு 55 சென்டிமீட்டர் வெட்டி மடித்துக் கட்டி வைத்திருப்பதை வாங்கலாம். அக்கா மண்டையோட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. சாம்பல் வெள்ளையில் அரை மீட்டரும் காவியில் அரை மீட்டரும் போதும் என்றார். விலையைப் பிரெஞ்சில் கேட்டார், ஆங்கிலத்தில் பேரம் பேசினார், என்னிடம் தமிழில் "கூடுதலாச் சொல்லுறான்" என்றார்.

கறுப்பு? அது கடையில் வாங்குவதில்லை. வீட்டு ஆண்களின் பழைய கால்சட்டை, கிழிந்த பள்ளிச் சீருடை, காலர் மடிந்த சட்டை. நாலைந்து முறை வெளுத்த கறுப்பில்தான் சாயம் இறங்காது. புதுக்கறுப்பைத் தைத்துவிட்டு நனைத்தால் பக்கத்திலிருக்கும் சாம்பல் வெள்ளை அழுக்காகிவிடும். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் முதலில் வெந்நீரில் அலசிக் காயவைத்துவிட வேண்டும்.

சிலந்தி வலை தைப்பது எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வீட்டில் மெஷின் இருப்பவர்கள் செய்து பார்க்கலாம்.

முதலில் துணிக்குக் கஞ்சி. அரிசி வடித்த கஞ்சியை நீர்க்கக் கரைத்து முக்கி, முக்கால் காய்ச்சலில் இஸ்திரி போடுகிறார். "கஞ்சி போடாமல் வெட்டினால் துணி இழுபடும். பிறகு அழுதும் பிரயோசனமில்லை." பிறகு கறுப்பை இரண்டு அங்குல அகலத்திலும் சாம்பல் வெள்ளையை ஒரு அங்குல அகலத்திலும் நீளப் பட்டைகளாக வெட்டுகிறார். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று மும்மூன்று பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்து, ஓரத்திலிருந்து கால் அங்குலம் தள்ளித் தையல். இந்தக் கால் அங்குலம் ஒட்டுத்துணிக்காரர்களின் வேதவாக்கு. ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் கடைசியில் வலை கூடாது. ஒவ்வொரு தையலையும் கறுப்புப் பக்கம் சாய்த்து இஸ்திரி போட வேண்டும். வெள்ளைப் பக்கம் சாய்த்தால் உள்ளேயிருக்கும் கறுப்பு வெளியே நிழலாடும்.

இப்போது கையில் இருப்பது கோடு போட்ட ஒரு பட்டைத் துணி. அதன்மேல் முனையில் 45 பாகை வருமாறு அட்டையில் வெட்டிய முக்கோணத்தை வைத்து, ஒரு முறை நேராக, ஒரு முறை தலைகீழாக என்று மாற்றி மாற்றி வெட்டுகிறார். துணி வீணாகாது. நேராக வெட்டியவை எட்டைச் சேர்த்தால் நடுவில் கறுப்பு வரும் வலை. தலைகீழாக வெட்டியவை எட்டைச் சேர்த்தால் நடுவில் வெள்ளை வரும் வலை. ஒரே பட்டையில் இரண்டு ஜாதி வலை.

எட்டு முக்கோணங்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்து நாலு ஜோடி. ஜோடிகளைச் சேர்த்து இரண்டு அரை. கடைசியாக அரைகளைச் சேர்த்து முழு எண்கோணம். சேர்க்கும் ஒவ்வொரு இடத்திலும் வெள்ளைக் கோடும் வெள்ளைக் கோடும் நேருக்கு நேர் சந்திக்கும்படி குண்டூசி குத்திக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கோடு வளைந்து வளைந்து ஒரு சுற்றுச் சுற்றி வலையின் வட்டமாகும். முக்கோணத்தின் இரண்டு பக்கமும் இழைக்குக் குறுக்கே வெட்டியவை. பிடித்து இழுத்தால் நீண்டுவிடும். அதற்குத்தான் அந்தக் கஞ்சி. எட்டு முனையும் கூடும் நடுப்புள்ளியில் துணி குவிந்து மேடாகும். பின்பக்கத் தையல்களை இரண்டு பக்கமும் பிரித்து அழுத்தினாலும் சிறு மேடு இருக்கத்தான் செய்யும். அந்த மேட்டின்மேல் ஒரு கோட்டுப் பொத்தானை வைத்துத் தைத்து, கறுப்பு நூலில் எட்டுக் கால் இழுத்தால் மேடும் மறைந்தது, சிலந்தியும் வந்தது. நாலு மூலையில் காவி முக்கோணம் வைத்துச் சதுரமாக்கி, பஞ்சு விரிப்பும் பின்துணியும் வைத்து, ஓரத்துக்குப் பட்டி அடித்தால் தோரணத்துக்கு ஒரு கண்ணி தயார்.

துண்டு ஒட்டித் தைத்த துணியைத் தொங்கவிட்டுக் கொண்டாடுவது நமக்கும் புதிதில்லை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துத் தேர்களில் குழல் குழலாகத் தொங்கும் தொம்பைகள் ஒட்டுத்துணி வேலைதான். சிவப்புத் துணியின்மேல் வெள்ளையிலும் பச்சையிலும் மஞ்சளிலும் யாளியையும் தாமரையையும் வெட்டி வைத்துத் தைத்திருப்பார்கள். அக்காவிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். யாளியை உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஹாலோவீனுக்கும் நல்லா இருக்குமே" என்றார்.

மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்திலும் பெண்கள் கந்தலைத் தூக்கிப் போட்டதே இல்லை. பழந்துணியைக் கீறிப் பட்டையாக்கி ஊடையாகக் கொடுத்து நெய்த கதலோன் போர்வைகள் பண்ணை வீடுகளின் குளிரைத் தாங்கின. 1915-இல் தொடங்கிய பண்ணைப் பெண்கள் சங்கங்கள் இன்றும் நெசவையும் தையலையும் கற்றுக்கொடுக்கின்றன. மாண்ட்ரியலிலேயே 1906-இல் ஆலிஸ் பெக், மே பிலிப்ஸ் என்ற இரண்டு பெண்கள் முன்னின்று கனடியக் கைவினைச் சங்கத்தை நிறுவினார்கள். அந்த மண்ணில் ஒட்டுத்துணி வந்து வேர்விட்டதற்குச் சான்று தேடி ஷெர்புரூக் தெருவில் இருக்கும் மக்கார்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனேன். மக்கில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே சாம்பல் கல் கட்டடம். அதன் சேகரிப்பில் 1726 என்று ஆண்டு பொறித்த பட்டு ஒட்டுத்துணி விரிப்பு ஒன்று உண்டு. ஆண்டு தெரிந்த ஒட்டுத்துணி வேலைகளில் உலகிலேயே மிகப் பழையவற்றில் அதுவும் ஒன்று. பட்டு வெளிச்சத்தில் நைந்துபோகும் என்பதால் இப்படிப்பட்ட துணிகளை எந்த அருங்காட்சியகமும் எப்போதும் வெளியே வைப்பதில்லை. பார்க்க வேண்டுமென்று போகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

அந்தக் கட்டடத்துக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. 1971-இல் அருங்காட்சியகம் குடிவருவதற்கு முன் அது மக்கில் மாணவர் சங்கக் கட்டடம். விரிப்பில் இருக்கும் ஆண்டுக்குச் சரியாக 200 ஆண்டு கழித்து, 1926 அக்டோபர் 19 அன்று, மந்திரவாதி ஹாரி ஹௌடினி அங்கே வந்து மாணவர்களுக்கு உரையாற்றினார். பேசிய விஷயம், ஆவிகளோடு பேசுகிறோம் என்று காசு பிடுங்குபவர்களின் தில்லுமுல்லு. மூன்று நாள் கழித்து, செயின்ட் கேத்தரின் தெருவில் பிரின்சஸ் அரங்கின் ஒப்பனை அறையில், கார்டன் வைட்ஹெட் என்ற மாணவர் அவருடைய வயிற்றில் அடுத்தடுத்துக் குத்தினார். எந்தக் குத்தையும் தாங்கும் வயிறு என்ற பேச்சைச் சோதிக்க வந்தவர் அவர். ஹௌடினி வலியோடு டெட்ராய்ட் போய் மேடையேறினார். குடல்வால் வெடித்து நஞ்சு பரவி, அக்டோபர் 31 அன்று இறந்துபோனார். பேயே இல்லை என்று ஊர் ஊராகச் சொன்ன மனிதர் ஹாலோவீன் நாளில் போய்ச் சேர்ந்தார். அவருடைய மனைவி பெஸ் பத்து ஆண்டுகள் ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் விளக்கேற்றி அவர் ஆவிக்காகக் காத்திருந்து, 1936-இல் போதும் என்று விளக்கை அணைத்தார்.

மாண்ட்ரியலுக்கு ஹாலோவீன் வந்தது அயர்லாந்துக்காரர்களோடு. அறுவடை முடிந்து இருட்டுக்காலம் தொடங்கும் இரவில் செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்ற கெல்டிக் நம்பிக்கை அவர்களுடையது. அவர்கள் ஊரில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். இங்கே பூசணி பெரிதாக, மலிவாகக் கிடைத்தது. 1847-இல் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறி வந்தவர்களில் டைஃபஸ் காய்ச்சலில் இந்த ஊரில் செத்தவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். விக்டோரியா பாலம் கட்டிய தொழிலாளர்கள் அவர்களுடைய எலும்புகளைக் கண்டு, 1859-இல் ஒரு பெரிய கரும்பாறையை ஆற்றங்கரையில் நினைவுக்கல்லாக நட்டார்கள். இன்றும் இருக்கிறது. பிழைத்தவர்கள் லஷீன் கால்வாய்க் கரையில் கிரிஃபின்டவுனில் குடியேறினார்கள். அந்தக் கால்வாய்க் கரையிலேயே பெல்டிங் நிறுவனம் பட்டுத் தையல்நூல் ஆலை நடத்தியது. நூல் ஆலையின் செங்கல் கட்டடம் இன்று அடுக்குமாடி வீடுகளாக இருக்கிறது.

கிரிஃபின்டவுனுக்கென்று ஒரு சொந்தப் பேயும் உண்டு. 1879 ஜூன் 27 அன்று மேரி கலாகர் என்ற பெண் தன் தோழியின் வீட்டில் தலை துண்டிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்குற்றம் சுமத்தப்பட்ட தோழி சூசன் கென்னடிக்குத் தூக்குத் தண்டனை விதித்து, பிறகு அதைச் சிறையாகக் குறைத்தார்கள். ஏழு ஆண்டுக்கு ஒரு முறை, வில்லியம் தெருவும் மர்ரி தெருவும் சந்திக்கும் முனையில், மேரி தன் தலையைத் தேடி வருகிறாள் என்பது ஊர்ப்பேச்சு. அந்த முனையில் போய் நின்றேன். சுற்றிலும் புதுக் கண்ணாடிக் கட்டடங்கள். தலையைத் தேடி வருபவளுக்குத் தெருவே அடையாளம் தெரியாது. நான் போன ஆண்டிலிருந்து கணக்குப் பார்த்தால் அவளுடைய அடுத்த முறை 2026.

அக்காவின் தோரணத்தில் மேரி கலாகர் இல்லை. ஆனால் பறக்கும் படகு ஒன்று இருக்கிறது. புத்தாண்டு இரவில் காதலியைப் பார்க்கத் துடித்த மரவெட்டிகள் சாத்தானோடு ஒப்பந்தம் போட்டுப் படகில் பறந்து போகும் கியூபெக் கதை அது. வழியில் கடவுள் பெயரைச் சொல்லக்கூடாது, தேவாலயக் கோபுரச் சிலுவையில் இடிக்கக்கூடாது என்பது நிபந்தனை. அதை எழுதிப் புகழ்பெறச் செய்த ஓனரே போக்ரான் 1885 முதல் 1887 வரை இந்த ஊரின் மேயர். மெட்ரோவின் பச்சை வழித்தடம் அவர் பெயர் கொண்ட நிலையத்தில்தான் முடிகிறது. அக்காவின் மகள் பிரெஞ்சுப் பாடத்தில் அந்தக் கதையைப் படித்துவிட்டு வந்து கேட்டாளாம். பழைய பழுப்புக் கார்டுராய்க் கால்சட்டையில் படகும், கட்டம்போட்ட சட்டையில் மரவெட்டிகளும் வந்துவிட்டார்கள். துடுப்புக்கு வேட்டிக்கரை.

அக்டோபர் 31 காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி கட்டி, கோயிலுக்குப் போய்வந்தோம். திரும்பி வந்ததும் வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. அக்காவின் மாமியாருக்கு வயது எண்பது தாண்டியிருக்கும். படிக்கட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "நல்லநாள் பெருநாளில வாசலில கறுப்பைக் கட்டுறியே பிள்ளை?" அக்கா அசரவில்லை. "வாசலில இல்லை மாமி, படிக்கட்டிலதான். வாசலில பாருங்கோ, மாவிலை கிடக்கு." உண்மைதான். நிலைக்கு மேல் மாவிலைத் தோரணம், கீழே மாக்கோலம், குத்துவிளக்கு. படிக்கட்டில் வௌவால், பூனை, வலை. எல்லையை மாமியாரும் மருமகளும் பேசி முடித்துவிட்டார்கள்.

மற்ற ஆண்டுகளில் குளிர்ச்சட்டைக்கு மேல்தான் வேடம் போட வேண்டியிருக்குமாம். அன்று ஊரே வியக்கும் அளவுக்கு இளஞ்சூடு. இருட்டத் தொடங்கியதும் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சிலந்தி மனிதன், சூனியக்காரி, எலும்புக்கூடு, ஒரு பட்டுப்பாவாடை. பட்டுப்பாவாடை வேடமா என்று கேட்டேன். இல்லை, தீபாவளிச் சட்டையாம்; பையை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். உறையில் போடாத பலகாரத்தை அறியாத வீட்டிலிருந்து வாங்கக்கூடாது என்பது அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் பொதுவாக வந்தவர்களுக்குக் கடைச் சாக்லேட். தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் முறுக்கும் பயற்றம் பணியாரமும். சாக்லேட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிள்ளைகளில் பலர் உடனே போகவில்லை. படியில் நின்று வலையின் நடுவில் இருக்கும் பொத்தான் சிலந்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள். காற்றடைத்த பூதத்தை எந்தப் பிள்ளையும் தொட்டுப் பார்த்து நான் பார்க்கவில்லை.

நவம்பர் முதல் வாரத்தில் நகரத்தின் குப்பை நாளில் தெருவோரம் பார்த்தேன். கைகால் கழன்ற பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள், காற்றுப் போன பூதங்கள், மரக்கிளைகளில் சிக்கிக்கொண்ட பஞ்சு வலைகள். அக்காவின் தோரணம் அலசி, காய்ந்து, இஸ்திரி போட்டு, வேப்பிலைக்குப் பதில் தேவதாரு மரத்துண்டு ஒன்றோடு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போயிருந்தது. ஒரு தலைமுறைப் பெண்களின் தையல் வேலையை இந்த ஊர் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அந்தப் பெண்கள் தையலை விடவில்லை. என்னைக் கேட்டால், மாண்ட்ரியலின் ஆடைத் தொழில் வரலாற்றை இதைவிட நன்றாகச் சொல்லும் இடம் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை.

மாண்ட்ரியல் போகிறவர்கள் அக்டோபர் கடைசி வாரமாகப் பார்த்துப் போங்கள். மேப்பிள் இலையைப் பார்த்த கையோடு ஒரு மாலை பார்க் எக்ஸ், பிளாட்டோ ஆகிய குடியிருப்புப் பகுதிகளில் தெருத் தெருவாக நடந்து வாருங்கள். வாசலில் துணியில் தைத்தது ஏதாவது தொங்கினால் நின்று பாருங்கள். தைத்தவர் வெளியே வந்து பேசுவார். இங்கே ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரவிக்கை தைக்கக் கொடுத்தால் மிச்சத் துணியை நாம் திரும்பக் கேட்பதில்லை. அடுத்த முறை கேட்டு வாங்குங்கள். ஒரு வருஷத்து மிச்சத்தில் கொலுவுக்கு ஒரு தோரணம் தாராளமாக வரும்.